சுருங்கிக்கொண்டே போன சாப்பாடு: சேலம் கொலுசுப் பட்டறைத் தொழிலாளி ஒருவரின் குடல் கோளாறு பற்றிய நிகழ்வு ஆய்வு

சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பகுதியில் கொலுசுப் பட்டறை ஒன்றில் பற்றவைப்பு வேலை பார்க்கும் 43 வயது ஆண் ஒருவர், இரண்டு ஆண்டுகளாக விட்டுவிட்டு வரும் வயிற்றுப்போக்கு, தொப்புளுக்குக் கீழே உப்புசம், உடல் எடைக் குறைவு ஆகிய முறையீடுகளுடன் எங்களிடம் வந்தார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன. நோய் அரிதானதன்று, ஏதேனும் ஒரு வடிவத்தில் இதே கதையை வயிற்று நோய் பார்க்கும் எந்த மருத்துவரும் வாரம் ஒருமுறையாவது கேட்டிருப்பார். நோயைத் தணிப்பதாக நினைத்து நோயாளியும் குடும்பமும் எடுத்த ஒவ்வொரு நடவடிக்கையும் குடலை எப்படி இன்னும் வறுமையாக்கியது என்பது இவர் விஷயத்தில் படிப்படியாகத் தெரிந்ததால், இதை விரிவாக எழுதி வைப்பது பயன்படும் என்று கருதுகிறோம்.

வந்தபோது இருந்த நிலை

காலையில் எழுந்ததும் ஒரு முறை, டீ குடித்ததும் ஒரு முறை, பட்டறைக்குக் கிளம்பும் நேரத்தில் இரண்டு முறை என்று நண்பகலுக்குள் நான்கைந்து முறை மலம் கழிக்க வேண்டியிருந்தது. மலம் கூழாகவோ நீராகவோ போயிற்று. சில நாட்களில் சளி கலந்திருந்தது. இரத்தம் ஒருபோதும் இல்லை. வயிற்று வலி மலம் கழித்ததும் தணிந்துவிடும். இரவில் தூக்கத்திலிருந்து எழுப்பும் அளவுக்குக் கழிச்சல் வந்ததில்லை என்பதை இருமுறை கேட்டு உறுதி செய்துகொண்டோம். குடலின் அமைப்பில் குறையின்றி இயக்கம் மட்டும் மாறும் செயல்பாட்டுக் கோளாறையும் குடலின் உட்சுவரைப் பாதிக்கும் நோயையும் பிரித்தறிய உதவும் கேள்விகளுள் அது முக்கியமானது. எடை 61 கிலோவிலிருந்து 54 கிலோவுக்கு இறங்கியிருந்தது. வழியில் அவசரம் வந்துவிடுமோ என்ற பயத்தில் ஓமலூர் தாண்டிப் பேருந்தில் போவதையே அவர் நிறுத்திவிட்டிருந்தார்.

தொடக்கம் தெளிவாகவே இருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஆடிப் பண்டிகை முடிந்த வாரத்தில் காய்ச்சலும் கடுமையான வயிற்றுப்போக்கும் வீட்டில் மூன்று பேருக்கு வந்தன. மற்ற இருவரும் சில நாட்களில் தேறிவிட்டார்கள். இவருக்குக் காய்ச்சல் நின்றும் வயிறு பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அப்போது எழுதிக் கொடுக்கப்பட்ட ஓஃப்லாக்சசினும் ஆர்னிடசோலும் சேர்ந்த ஆன்டிபயாடிக் மாத்திரையின் அட்டையை அவர் பத்திரமாக வைத்திருந்தார். அதன் பிறகு வயிறு கெட்ட போதெல்லாம் அந்த அட்டையை மருந்துக் கடையில் காட்டி அதையே வாங்கி மூன்று நாள் சாப்பிட்டிருக்கிறார். இரண்டு ஆண்டுகளில் குறைந்தது ஆறு முறை இப்படி நடந்திருக்கிறது. இதற்கிடையே, 'காஸ் மாத்திரை' என்ற பெயரில், இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோலையும் நாள்தோறும் காலையில் யாரிடமும் கேட்காமல் போட்டுவந்தார்.

சாப்பாட்டுக் கணக்கு

அவருடைய மனைவி, தினசரி காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் கணவர் என்ன சாப்பிட்டார், எத்தனை முறை போனார் என்பதை எழுதி, தேதி வரிசையில் ரப்பர் பேண்டு போட்டுக் கொண்டுவந்திருந்தார். பரிசோதனை முடிவுகள் பலவற்றைவிட அந்தக் கட்டு எங்களுக்கு அதிகம் உதவியது. அதைப் புரட்டியபோது, சாப்பாடு எப்படி ஒவ்வொரு பொருளாகச் சுருங்கிக்கொண்டே போயிற்று என்பது கண்முன் தெரிந்தது.

முதலில் பாலை நிறுத்தினார்கள். அது நியாயமான முடிவுதான். கடுமையான குடல் தொற்றுக்குப் பின் லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி சிறிது காலம் குறைந்திருக்கும், அதோடு தென்னிந்தியப் பெரியவர்களில் பெரும்பாலோருக்கு அந்த நொதி இயல்பிலேயே குறைவு. அடுத்துக் கீரை போயிற்று. மலத்தில் பச்சையாகத் தெரிந்தது என்பது காரணம். பிறகு பருப்பு வாயு என்று பருப்பும், குளிர்ச்சி என்று சுரைக்காயும் வெள்ளரியும், கொழுப்பு என்று தேங்காயும், சூடு என்று முட்டையும் நின்றன. மாம்பழக் காலத்தில் ஒரு நாள் வயிறு கெட்டதும் பழம் என்ற வகையே வீட்டுக்குள் வரக்கூடாது என்றாயிற்று. எங்களிடம் வந்தபோது அவருடைய ஒரு நாள் உணவு: காலையில் ஜவ்வரிசிக் கஞ்சி, பதினோரு மணிக்குப் பால் இல்லாத டீயும் நான்கு ரொட்டித் துண்டும், மதியம் வெள்ளைச் சோறும் ரசமும், மாலையில் பிஸ்கட், இரவில் மறுபடியும் கொஞ்சம் ரசம் சோறு.

எதை நிறுத்தினாலும் முதல் இரண்டு மூன்று வாரம் வயிறு நன்றாக இருந்ததாகத் தாள்கள் காட்டின. பிறகு பழையபடி திரும்பியது. திரும்பிய நாளுக்கு முந்தைய நாள் எது தட்டில் இருந்ததோ அது அடுத்த குற்றவாளி ஆயிற்று. இத்தகைய குடல் கோளாறு இயல்பாகவே ஏறி இறங்கும் தன்மை உடையது. உச்சத்தில் இருக்கும்போது எதை நிறுத்தினாலும், அடுத்து வரும் இறக்கத்தின் பெயர் அந்த நிறுத்தத்துக்குப் போய்விடும். இந்தக் கணக்கில் கீரையும் பருப்பும் மட்டுமல்ல, வீட்டின் திசையை மாற்றியிருந்தாலும் அதற்கும் பலன் தெரிந்திருக்கும்.

எங்கள் உணவியலாளர் அந்தத் தாள்களை வைத்துக் கணக்கிட்டபோது நாளொன்றுக்கு 1300 கலோரிக்கும் குறைவாகவும், புரதம் ஏறத்தாழ 25 கிராமாகவும், நார்ச்சத்து 8 கிராமை ஒட்டியும் வந்தது. பெரியவர்களுக்கான நார்ச்சத்துப் பரிந்துரை நாளொன்றுக்கு ஏறத்தாழ 30 கிராம். உட்கார்ந்து செய்யும் வேலையானாலும் ஊது குழலை வாயில் வைத்து நாள் முழுதும் தீச்சுடரோடு மல்லுக்கட்டும் ஒருவருக்கு 1300 கலோரி போதாது. ஆகவே எடைக் குறைவின் பெரும்பகுதிக்கு இந்தக் கணக்கே விளக்கம் தந்தது. ஆனால் விளக்கம் கிடைத்துவிட்டது என்பதற்காகப் பரிசோதனைகளைத் தவிர்க்க முடியாது.

இடையில் ஏற்காட்டில் ஒரு வாரம் நடந்ததையும் சொல்ல வேண்டும். மனைவியின் அண்ணன் அங்கே காப்பித் தோட்டம் ஒன்றில் மேற்பார்வை வேலையில் இருக்கிறார். மலைக்காற்றும் மலைச் சாப்பாடும் உடம்பைத் தேற்றும் என்று தங்கையின் குடும்பத்தை அழைத்துப்போய், கேழ்வரகுக் களி, கீரைக் கடைசல், அவரைக்கொட்டை, பலாப்பழம் என்று மூன்று வேளையும் பரிமாறியிருக்கிறார். "எங்க அண்ணன் ஆசையா போட்டாருங்க, இவரும் ரெண்டு நாள் நல்லா சாப்பிட்டாருங்க. மூணாம் நாள் வயிறு உப்பி, விடிய விடிய உக்காந்தே இருந்தாருங்க" என்றார் மனைவி. அதோடு, நார்ச்சத்துள்ள எதுவும் தனக்கு ஒத்துக்கொள்ளாது என்ற முடிவுக்கு நோயாளி வந்துவிட்டார். மலையில் விளையும் சிறுதானியத்தைச் சர்வரோக நிவாரணியாக எழுதும் வழக்கம் இப்போது பெருகியிருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறோம்: ஒத்துக்கொள்ளாமல் போனது களியோ கீரையோ அல்ல, 8 கிராமிலிருந்து ஒரே நாளில் நாற்பதை ஒட்டித் தாவிய அளவு. அதை ஏற்கும் நிலையில் அந்தக் குடல் அப்போது இல்லை.

பரிசோதனைகள்

எடைக் குறைவு இருந்ததால், எரிச்சலுறும் குடல் நோய் (ஐ.பி.எஸ். எனப்படும் செயல்பாட்டுக் கோளாறு) என்று நேரடியாகப் பெயர் சூட்டிவிட்டு மருந்து எழுத எங்களுக்கு மனமில்லை. இந்தியாவில் சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் வரும் காசநோய் இதே முகத்தோடு வரக்கூடும். அழற்சிக் குடல் நோயும் வரக்கூடும். பெருங்குடல் உள்நோக்கிப் பரிசோதனை சிறுகுடலின் கடைசிப் பகுதி வரை செய்யப்பட்டது. எங்கும் புண் இல்லை, எடுத்த திசுத் துணுக்குகளும் இயல்பாக இருந்தன. அழற்சி இருந்தால் மலத்தில் கூடும் புரதமான கால்புரோடெக்டினின் அளவு இயல்பு வரம்புக்குள் இருந்தது. குடல் சுவரில் குறிப்பிடத்தக்க அழற்சி இல்லை என்பதற்கு அது வலுவான சான்று. ஆன்டிபயாடிக்கும் அமிலம் குறைக்கும் மாத்திரையும் நீண்ட காலம் எடுத்தவர் என்பதால் ஆன்டிபயாடிக்குக்குப் பின் பெருகிக் கழிச்சலை உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற பாக்டீரியாவின் நச்சுக்கான சோதனையும் செய்தோம். இல்லை என்று வந்தது. தைராய்டு, சர்க்கரை, எச்.ஐ.வி., கோதுமைப் புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள் ஆகிய எவற்றிலும் குறையில்லை.

இரத்தத்தில் குறை இருந்தது. ஹீமோகுளோபின் 11.4, சிவப்பணுக்கள் இயல்பைவிடச் சற்றுப் பெரியவை, வைட்டமின் பி12, ஃபோலேட் இரண்டுமே தாழ்வு. இந்த மூன்றும் சேர்ந்து வந்ததும், தமிழ்நாட்டில் படித்த எந்த மருத்துவருக்கும், சிறுகுடலின் உறிஞ்சும் திறனைக் கெடுக்கும் வெப்பமண்டல ஸ்புரூ என்ற நோய் நினைவுக்கு வந்தாக வேண்டும். 1960களில் வட ஆர்க்காட்டுக் கிராமங்களில் இந்நோய் கொள்ளைநோயாகவே பரவியதையும், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த செல்வின் பேக்கர், வி. ஐ. மாத்தன் முதலியோர் அதை ஊர் ஊராகப் போய் ஆராய்ந்ததையும் மருத்துவ உலகம் நன்கறியும். சிறுகுடலின் மேற்பகுதியிலிருந்து திசு எடுத்துப் பார்த்தோம். உறிஞ்சிகள் (சத்தை உறிஞ்சும் நுண்ணிய விரல் போன்ற மடிப்புகள்) உயரம் குறையாமல் நன்றாக இருந்தன, ஒட்டுண்ணி எதுவும் இல்லை. குளுகோஸ் கொடுத்துச் செய்த மூச்சுச் சோதனையிலும் ஹைட்ரஜன் அளவு குறிப்பிடத்தக்கவாறு ஏறவில்லை. எனவே சிறுகுடலில் பாக்டீரியா மிகைப்பெருக்கம் இருக்க வாய்ப்புக் குறைவு என்று கொண்டோம். உறிஞ்சும் உறுப்பு நன்றாக இருக்க, பி12ம் ஃபோலேட்டும் குறைந்ததற்குத் தட்டிலும் மாத்திரையிலும்தான் விடை இருந்தது: கீரையும் பருப்பும் போனதால் ஃபோலேட் போயிற்று, பாலும் முட்டையும் நின்றதோடு, உணவுப் புரதத்திலிருந்து பி12ஐப் பிரித்தெடுக்கத் தேவையான இரைப்பை அமிலமும் நாள்தோறும் அடக்கப்பட்டதால் பி12 போயிற்று.

பெங்களூரில் வேலை பார்க்கும் தம்பி ஏற்பாடு செய்த ஒரு மலப் பாக்டீரியா ஆய்வறிக்கையையும் நோயாளி கொண்டுவந்திருந்தார். பல வண்ண வட்டங்களும் அம்புக்குறிகளுமாக முப்பது பக்கத்துக்கு மேல் இருந்த அதன் சாரம், பாக்டீரியாவின் பன்மை குறைவு, பைஃபிடோபாக்டீரியா குறைவு என்பதுதான். கூடவே, அதே நிறுவனம் விற்கும் பொடியை வாங்கும்படி ஒரு பக்கம் இருந்தது. ஆறு முறை ஆன்டிபயாடிக்கும் 8 கிராம் நார்ச்சத்தும் என்ற இரண்டு தகவல்களை வைத்துக்கொண்டு அந்த முடிவைக் காசில்லாமலே சொல்லியிருக்கலாம். எந்தப் பாக்டீரியா எவ்வளவு இருந்தால் ஒரு தனிமனிதருக்கு நலம் என்பதற்கு மருத்துவத்தில் ஏற்கப்பட்ட அளவுகோல் இன்னும் இல்லை; ஊருக்கு ஊர், உணவுக்கு உணவு அது மாறுகிறது. ஆகவே சிகிச்சையை அந்த அறிக்கையைக் கொண்டு முடிவு செய்யவில்லை.

தொற்றுக்குப் பின் வந்த, வயிற்றுப்போக்கு மேலோங்கிய எரிச்சலுறும் குடல் நோய். அதன்மேல் படிந்த உணவுச் சுருக்கம். அதனால் பி12, ஃபோலேட் குறைபாடு என்பது எங்கள் முடிவு. குடல் தொற்று வந்தவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இந்நோய் தொடர்கிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கூறுகிறார்கள்.

பெருங்குடலில் என்ன நடந்திருக்கும்

மனித உடலில் வாழும் பாக்டீரியாவின் எண்ணிக்கை ஏறத்தாழ 38 லட்சம் கோடி என்று 2016இல் வெளியான கணக்கீடு கூறுகிறது. அவற்றில் மிகப்பெரும் பங்கு பெருங்குடலில் இருக்கிறது. நாம் செரித்து உறிஞ்சியது போக மிஞ்சி வரும் நார்ச்சத்தும், சிறுகுடலில் செரிக்காமல் தப்பிய மாவுச்சத்தும் அவற்றின் உணவு. அவற்றை நொதிக்கச் செய்து அசிட்டேட், புரோப்பியோனேட், ப்யூட்டிரேட் என்னும் குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களை அவை உண்டாக்குகின்றன. பெருங்குடலின் உட்சுவர்ச் செல்கள் தங்களுக்கு வேண்டிய ஆற்றலில் ஏறத்தாழ 70 சதவீதத்தை ப்யூட்டிரேட்டிலிருந்தே பெறுகின்றன. அதை எரிக்கும்போது அச்செல்கள் ஆக்சிஜனைச் செலவழித்துவிடுவதால் குடலின் உட்புறம் ஆக்சிஜன் அற்ற இடமாக நீடிக்கிறது. ஆக்சிஜன் ஆகாத, நமக்கு உதவும் பாக்டீரியா அங்கே செழிக்கின்றன. நார்ச்சத்துக் குறைந்தோ ஆன்டிபயாடிக்கால் பாக்டீரியா அழிந்தோ ப்யூட்டிரேட் குறையும்போது ஆக்சிஜன் உட்புறம் கசிகிறது, ஈ. கோலை வகையறாக்களுக்கு அது வாய்ப்பாகிறது. நார்ச்சத்தே இல்லாத தீனி கொடுத்த எலிகளில், உணவு கிடைக்காத பாக்டீரியா குடல் சுவரைக் காக்கும் சளிப்படலத்தையே தின்று மெலியச் செய்ததை 2016இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. எலியில் கண்டதை மனிதருக்கு அப்படியே ஏற்றிச் சொல்லக்கூடாது என்றாலும், திசை அதுதான்.

வயிற்றுப்போக்கு உள்ளவருக்கு இதில் இன்னொரு பக்கம் முக்கியமானது. இந்தக் கொழுப்பு அமிலங்கள் உறிஞ்சப்படும்போது சோடியத்தையும், அதன் பின்னால் நீரையும் தம்மோடு இழுத்துச் செல்கின்றன. வேலூரில் பி. எஸ். ராமகிருஷ்ணாவும் உடன் ஆய்வாளர்களும் காலரா நோயாளிகளுக்கு உப்பு சர்க்கரைக் கரைசலோடு, சிறுகுடலில் செரிக்காத மக்காச்சோள மாவுச்சத்தைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். மலத்தில் போகும் நீரின் அளவு குறைந்தது, வயிற்றுப்போக்கு நீடித்த நேரமும் குறைந்தது. 2000ஆம் ஆண்டில் அந்த ஆய்வு வெளியாயிற்று. அடுத்த ஆண்டு, நீண்ட நாள் வயிற்றுப்போக்கால் அவதிப்பட்ட குழந்தைகளுக்கு வேகவைத்த வாழைக்காய் கொடுத்ததில் நல்ல பலன் கண்டதாக டாக்காவிலிருந்து அறிக்கை வந்தது. ஆக, கழிச்சல் இருக்கும்போது செரிக்காத எதுவும் குடலுக்குள் போகக்கூடாது என்ற பொதுவான நம்பிக்கைக்கு நேர் எதிரான சான்று, நம் மாநிலத்திலேயே கிடைத்து கால் நூற்றாண்டு ஆகிறது. ஆனாலும் கழிச்சலுக்கு ஜவ்வரிசிக் கஞ்சியும் ரொட்டியும் என்ற பழக்கம் அசையவில்லை.

ஆன்டிபயாடிக்கின் பங்கையும் சொல்ல வேண்டும். ஓஃப்லாக்சசின் வகையைச் சேர்ந்த சிப்ரோஃப்ளாக்சசினை உடல்நலத்தோடு இருந்தவர்களுக்கே இருமுறை கொடுத்து ஆராய்ந்த ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சில நாட்களிலேயே குடல் பாக்டீரியாவின் அமைப்பு மாறியதையும், இரண்டாம் முறைக்குப் பின் அது பழைய நிலைக்கு முழுமையாகத் திரும்பாததையும் கண்டார்கள். எங்கள் நோயாளி அதே வகை மருந்தை ஆறு முறை எடுத்தவர். இடைவெளிகளில் பாக்டீரியா மீண்டெழ வேண்டிய உணவும் தட்டில் இல்லை.

சிகிச்சை

ஆன்டிபயாடிக் அட்டையைக் கையோடு வாங்கிக்கொண்டோம். பான்டோபிரசோலைத் திடீரென்று நிறுத்தினால் அமிலம் மிகையாகச் சுரந்து நெஞ்செரிச்சல் வரும் என்பதால் ஒன்றுவிட்டு ஒரு நாள் என்று குறைத்துக்கொண்டே வந்து நிறுத்தினோம். பி12 ஊசியும் ஃபோலிக் அமில மாத்திரையும் தொடங்கின. வயிற்று வலிக்கும், காலை நேர அவசரத்துக்கும் இரவில் 10 மில்லிகிராம் அமிட்ரிப்டிலின் கொடுத்தோம். மனச்சோர்வுக்கும் தரப்படும் மருந்து அது என்பதால், மன நோய் மருந்தா என்று அவர் தயங்கினார். இந்தக் குறைந்த அளவில் அது குடலின் நரம்புகளை அமைதிப்படுத்தவும் குடலின் வேகத்தைக் குறைக்கவுமே தரப்படுகிறது என்று விளக்கிய பின் ஏற்றுக்கொண்டார்.

உணவைப் பற்றிய பேச்சுதான் நீண்டது. மெல்போர்னின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் உருவான, எளிதில் நொதிக்கும் சர்க்கரைகளைத் தற்காலிகமாக விலக்கும் உணவுமுறை இந்நோயில் பலருக்குப் பலன் தருகிறது. ஆனால் ஏற்கெனவே பாதி உணவை விலக்கி ஏழு கிலோ இழந்தவரிடம் இன்னொரு விலக்குப் பட்டியலை நீட்டுவது தவறு என்பது எங்கள் எண்ணம். பச்சை வெங்காயமும் பூண்டும் பால் டீயும் மட்டும் சில வாரங்களுக்குத் தள்ளிவைக்கப்பட்டன. பூண்டு வாசம் இல்லாமல் ரசமா என்று மனைவி கேட்டார். பூண்டில் வாயுவை உண்டாக்கும் ஃப்ரக்டான் எண்ணெயில் கரையாது. ஆகவே பூண்டை நல்லெண்ணெயில் வதக்கி, பல்லை எடுத்துப் போட்டுவிட்டு அந்த எண்ணெயில் தாளித்தால் வாசமும் வரும், வயிறும் சும்மா இருக்கும். அவருக்கு இது பிடித்துப்போயிற்று.

நார்ச்சத்தை ஏன் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பதை நோயாளிக்குப் புரியவைக்க எங்களுக்கு முயற்சியே தேவைப்படவில்லை. அவர் இளவயதில் ஆத்தூர்ப் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலையில் வேலை பார்த்தவர். மரவள்ளிக்கிழங்கை அரைத்துப் பாலைப் பிழிந்து தொட்டியில் மாவாகப் படியவிடுவதும், சக்கையான திப்பி தனியாகக் காய்ந்து தீவனத்துக்குப் போவதும், மாவு மட்டும் உருண்டையாகி வறுபடுவதும் அவருக்கு அத்துப்படி. ஜவ்வரிசி 100 கிராமில் நார்ச்சத்து 1 கிராம்கூட இல்லை, புரதமும் இல்லை என்று சொன்னதும் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப ரெண்டு வருசமா மாவை நான் தின்னுட்டு, திப்பியை மாட்டுக்குப் போட்டிருக்கேன்னு சொல்லுங்க சார்" என்றார். அதன் பிறகு எங்கள் உணவியலாளர் எல்லா நோயாளிகளிடமும் திப்பியை வைத்தே விளக்குகிறார்.

தொடக்கம் வாழைக்காய். தோல் சீவி வேகவைத்து மிளகும் உப்பும் போட்டு, மதியச் சோற்றோடு நான்கு துண்டு. கூடவே இரவில் ஒரு தேக்கரண்டி இசப்கோல்; அது நீரைப் பிடித்து மலத்தைத் திரட்டும், அதிகமாக நொதிக்காது, ஆகவே வாயுவும் குறைவு. அடுத்த வாரம் காலையில் ஜவ்வரிசிக்குப் பதிலாகப் பழைய சோறும் மோரும். ஆறிய சோற்றில் மாவுச்சத்தின் ஒரு பகுதி செரிக்காத வடிவத்துக்கு மாறுகிறது, இரவில் லாக்டிக் அமிலப் பாக்டீரியாவும் பெருகுகின்றன. அந்தப் பகுதி சிறியதுதான், பழைய சோற்றின் புகழ் இப்போது அதன் தகுதியைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. இவருக்கு அது பயன்பட்டது, வீட்டில் எப்போதும் இருக்கும், அவர் பயப்படாத உணவு என்பதால். பிறகு பீர்க்கங்காய், கேரட், கத்தரிக்காய். பருப்பில் முதலில் பாசிப்பருப்பு. இரவில் ஊறவைத்து அந்த நீரைக் கொட்டிவிட்டு வேகவைக்க வேண்டும், ஏனெனில் வாயுவை உண்டாக்கும் சர்க்கரைகளில் ஒரு பங்கு நீரோடு போய்விடும். முதல் வாரம் இரண்டு கரண்டி, அதற்கு மேல் இல்லை. முட்டை, மீன் உடனே திரும்பின. அவற்றை விலக்க முகாந்திரமே இருக்கவில்லை. சாமைச் சோறும் கேழ்வரகுக் கூழும் இரண்டாம் மாதத்தில்தான் வந்தன. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 11 கிராம், சாமையில் ஏறத்தாழ 8 கிராம், தீட்டிய அரிசியில் 3 கிராமுக்கும் குறைவு என்பது நார்ச்சத்துக் கணக்கு; ஆகவே ஒரு கிண்ணம் கூழே அவருடைய பழைய ஒரு நாள் அளவில் பாதிக்கு மேல் ஆகிவிடும்.

ஒரு வாரத்துக்கு ஒரு புதுப் பொருள், அதுவும் மூன்று நாள் தொடர்ந்து சாப்பிட்டுப் பார்த்த பிறகே தீர்ப்பு என்ற விதியை மனைவி கண்டிப்பாகக் காத்தார். முதல் மாதம் உப்புசம் குறையவில்லை, சற்றுக் கூடவும் செய்தது. பட்டினி கிடந்த பாக்டீரியாவுக்கு உணவு வந்தால் வாயு வரத்தான் செய்யும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால் அவர் விட்டு ஓடவில்லை. இந்த ஒரு எச்சரிக்கையைச் சொல்லாமல் விடுவதால்தான் பாதி உணவு ஆலோசனைகள் இரண்டாம் வாரத்தில் கைவிடப்படுகின்றன என்பது எங்கள் அனுபவம்.

இரண்டு சறுக்கல்கள் நேர்ந்தன. மல்கோவாக் காலத்தில், உடம்பு தேறிவிட்டது என்ற தைரியத்தில் ஒரே மாலையில் இரண்டு முழுப் பழம் சாப்பிட்டார். மறுநாள் காலை பழைய கதை. மாம்பழத்தில் குளுகோஸை மிஞ்சிய ஃப்ரக்டோஸ் என்னும் பழச் சர்க்கரை இருப்பதால் சிறுகுடல் அதை முழுதாக உறிஞ்ச முடிவதில்லை. மிஞ்சியது நீரை இழுத்துக்கொண்டு பெருங்குடலுக்குப் போகிறது. பழத்தை விலக்கச் சொல்லவில்லை. ஒரு வேளைக்கு இரண்டு கீற்று என்று அளவு வைத்தோம், அதில் தொல்லை இல்லை. மற்றொன்று, பல் பிடுங்கியபோது ஐந்து நாள் ஆன்டிபயாடிக் எழுதித் தரப்பட்டது. நோயாளி வாங்கும் முன் எங்களுக்குத் தொலைபேசியில் சொன்னார். பல் மருத்துவரிடம் பேசியதில், சீழ் இல்லை, எளிதாகப் பிடுங்கிய பல் என்பதால் மருந்து தேவையில்லை என்று அவரே தயக்கமின்றி நீக்கிவிட்டார்.

எதற்கு எவ்வளவு பங்கு

ஆறு மாத முடிவில் மலம் நாளுக்கு ஒன்றிரண்டு முறை, பெரும்பாலும் திரண்ட நிலையில். எடை 58 கிலோ. ஹீமோகுளோபின் 13ஐத் தாண்டியது. நார்ச்சத்து நாளுக்கு 25 கிராமைத் தொட்டது. இதை வைத்துக்கொண்டு குடல் பாக்டீரியாவைச் சீர்படுத்தி நோயைக் குணமாக்கினோம் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும், ஆனால் அது உண்மைக்கு மிஞ்சியது. ஒரே காலத்தில் ஆன்டிபயாடிக் நின்றது, அமிலம் குறைக்கும் மாத்திரை நின்றது, அமிட்ரிப்டிலின் தொடங்கியது, இசப்கோல் தொடங்கியது, உணவு விரிந்தது, இரத்தக் குறைபாடு சரியானது, தனக்குப் புற்றுநோய் இல்லை என்ற நிம்மதியும் வந்தது. தொற்றுக்குப் பின் வரும் இந்நோய் காலப்போக்கில் தானே தணிவதும் உண்டு. சிகிச்சைக்கு முன்னும் பின்னும் பாக்டீரியாவை நாங்கள் அளக்கவில்லை; அளந்திருந்தாலும் எது காரணம், எது விளைவு என்று ஒரு நோயாளியை வைத்துச் சொல்லியிருக்க முடியாது. பித்த அமிலம் சரியாக உறிஞ்சப்படாமல் வரும் வயிற்றுப்போக்கையும் நாங்கள் சோதித்து விலக்கவில்லை. அதற்கான நேரடிச் சோதனை எளிதில் கிடைப்பதில்லை, மேம்பாடு இல்லாதிருந்தால் அதற்கான மருந்தைக் கொடுத்துப் பார்த்திருப்போம்.

உறுதியாகச் சொல்லக்கூடியது சிறியது. எடைக் குறைவுக்கும் பி12, ஃபோலேட் குறைவுக்கும் குடல் நோய் காரணமன்று, உணவுச் சுருக்கமும் மாத்திரையும் காரணம் என்பதைப் பரிசோதனைகளும் பின்னர் நேர்ந்த மீட்சியும் காட்டின. ஏற்காட்டில் மூன்று நாளில் வயிற்றைக் கெடுத்த அதே கேழ்வரகும் கீரையும், படிப்படியாக வந்தபோது நான்காம் மாதத்தில் தொல்லையின்றி ஏற்கப்பட்டன என்பதும் தாள்களில் பதிவாகியிருக்கிறது. நொதிக்கச் செய்யும் பாக்டீரியா கிடைக்கும் உணவுக்கேற்பத் தம் எண்ணிக்கையையும் நொதிகளையும் மாற்றிக்கொள்கின்றன என்ற அறிவோடு இது ஒத்துப்போகிறது. அதற்கு மேல் இதைச் சான்றாகக் காட்ட மாட்டோம்.

உயிருள்ள நல்ல பாக்டீரியா அடங்கிய புரோபயாடிக் மாத்திரை ஏன் கொடுக்கவில்லை என்று உடன் பணிபுரியும் ஒருவர் கேட்டார். ஆன்டிபயாடிக்குக்குப் பின் புரோபயாடிக் எடுத்துக்கொண்டவர்களில் சொந்தப் பாக்டீரியா மீண்டெழுவது தாமதமானதாக 2018இல் இஸ்ரேலிய ஆய்வு ஒன்று கண்டது; எரிச்சலுறும் குடல் நோயில் சில வகைகள் சிறிது பயன் தருவதாக வேறு ஆய்வுகள் உள்ளன. குழப்பம் தீராத இடத்தில், மாதாமாதம் அதற்காகும் செலவை முட்டைக்கும் காய்க்கும் திருப்பிவிடுவது இந்தக் குடும்பத்துக்கு மேல் என்று நினைத்தோம். தயிரும் மோரும் நாள்தோறும் இருந்தன.

இப்போதைய நிலை

அமிட்ரிப்டிலின் எட்டாம் மாதத்தில் நிறுத்தப்பட்டது; காலை நேர அவசரம் அவ்வப்போது தலைகாட்டினாலும் மருந்து கேட்கும் அளவுக்கு இல்லை. கொண்டைக்கடலைச் சுண்டல் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. இருமுறை முயன்று தற்போதைக்கு விட்டிருக்கிறோம். மாலையில் பட்டறை நண்பர்களோடு தட்டுவடை செட் சாப்பிடுவது மீண்டும் தொடங்கியிருக்கிறது: பீட்ரூட்டும் கேரட் துருவலும் வைக்கலாம், வெங்காயம் வேண்டாம், பூண்டுக் காரச் சட்னிக்குப் பதில் புதினாச் சட்னி என்று கடைக்காரரிடம் அவரே சொல்லிவிடுகிறார். பி12 அளவை ஆண்டுக்கொரு முறை பார்க்க வேண்டும். இரத்தப்போக்கோ, இரவில் எழுப்பும் கழிச்சலோ, மீண்டும் எடைக் குறைவோ வந்தால் அட்டையைத் தேடாமல் நேராக வரும்படி கணவன் மனைவி இருவரிடமும் சொல்லியிருக்கிறோம். அடுத்த பரிசோதனை தை மாதத்தில்.